உறுப்பு தானமும் கிளினிக்கல் ட்ரையலும்: எப்படி கேக்கறோம்ங்கறதுல என்ன இருக்கு?

அமெரிக்காவுல சர்வே எடுத்தா பத்துல ஒன்பது பேரு உறுப்பு தானம் நல்லதுன்னு சொல்றாங்க, ஆனா டோனரா பேரு பதிஞ்சவங்க எத்தன பேருன்னு பாத்தா சுமார் 60 சதவீதம்தான். நடுவுல விட்டுப்போன அந்த 30 சதவீதம் பேரு யாரும் கல்நெஞ்சக்காரங்க இல்ல, போயி கேட்டா "ஆமாங்க, நல்ல விஷயந்தான், பண்ணணும்"னுதான் சொல்வாங்க, சொல்லிட்டு அடுத்த வேலைய பாக்கப் போயிடுவாங்க. இது ஏன்னு பல வருஷமா தோண்டிட்டு இருக்கற ஒரு ஆராய்ச்சித் துறை இருக்கு, ஹெல்த் கம்யூனிகேஷன்னு பேரு. உடம்பு, நோய், சிகிச்சை சம்பந்தமா யாரு யார்கிட்ட எந்த வார்த்தையில பேசறாங்க, அத கேட்டவரு என்னன்னு புரிஞ்சுக்கறாரு, அப்புறம் என்ன முடிவு எடுக்கறாருன்னு பாக்கறதுதான் இவங்க வேலை. இத புதுசா கேள்விப்படறவங்களுக்காக எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதறேன்.

உறுப்பு தானத்தையும் கிளினிக்கல் ட்ரையலையும் ஏன் ஒண்ணா சேத்து பேசணும்? ஒண்ணு, இங்க நாம பேசற வகையில, இறந்த பிறகு கொடுக்கறது, இன்னொண்ணு உயிரோட இருக்கும்போதே ஒரு புது மருந்து இல்ல சிகிச்சை நல்லா வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்கற ஆராய்ச்சியில சேர்றது. ஆனா ரெண்டுலயும் கேக்கற விஷயம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், முகம் தெரியாத யாருக்கோ உதவுற மாதிரி உங்க உடம்ப, இல்ல உங்க வீட்டு ஆளோட உடம்ப, எங்கள நம்பி கொடுங்கன்னு கேக்கறாங்க. கேக்கற நேரமும் மோசமான நேரம், ஐசியூ வாசல்ல நின்னுட்டு இருக்கறப்போ, இல்ல கேன்சர்னு ரிப்போர்ட் வந்து வீட்டுல யாருக்கும் தூக்கம் வராத அதே வாரத்துல. டாக்டர் மேல இருக்கற நம்பிக்கை லேசா ஆட்டம் கண்டா போதும், ரெண்டுமே நடக்காது. மியாமி பல்கலைக்கழகத்துல இருக்கற சூசன் மார்கன் மாதிரி ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பக்கமும் வேலை செஞ்சிருக்கறது இதனாலதான்.

ஆரம்பத்துல எல்லாரும் நெனச்சது, ஜனங்களுக்கு விஷயம் தெரியல, தெரிஞ்சா பண்ணிடுவாங்கன்னு. அதனால நோட்டீஸ் அடிச்சாங்க, ஒருத்தரோட உறுப்புகளால 8 பேரு வரைக்கும் பிழைக்கலாம்னு போஸ்டர் ஒட்டினாங்க. தகவல் தேவைதான், இல்லன்னு சொல்லல. ஆனா 2008ல மார்கனும் கூட இருந்தவங்களும் பண்ண ஆராய்ச்சியில, கையெழுத்து போடலாமா வேணாமாங்கறதுல தகவல் அறிவ விட நாலு உணர்ச்சிகளுக்கு கனம் அதிகம்னு தெரிஞ்சுது. ஒண்ணு அருவருப்பு, உடம்ப அறுக்கறத நெனச்சாலே வயித்தப் புரட்டறது. ரெண்டாவது, வாய்விட்டு சொன்னா பலிச்சிடும்ங்கற பயம், டோனர் கார்டுல கையெழுத்து போட்டா எமனுக்கு அட்ரஸ் எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடுமோன்னு. மூணாவது, முழு உடம்போடதான் போய்ச் சேரணும்ங்கற எண்ணம். நாலாவதுதான் ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கறேன், டோனர்னு தெரிஞ்சா டாக்டருங்க நம்மள காப்பாத்த முழு முயற்சி எடுக்க மாட்டாங்களோங்கற சந்தேகம்.

இந்த நாலாவது சந்தேகம் வெறும் மூடநம்பிக்கை இல்ல, டிவி சீரியல்லயும் சினிமாவுலயும் உறுப்பு திருட்டு கதைய திரும்பத் திரும்ப பாத்தவங்க மனசுல அது தங்கிடுது. நிஜத்துல சிகிச்சை கொடுக்கற டாக்டர் வேற, உறுப்பு மாற்று டீம் வேற, மூளைச்சாவ உறுதி பண்றவங்க மாற்று டீம்ல இருக்கவே கூடாது. அது மட்டும் இல்ல, டோனர் ஆகணும்னா ஐசியூல வென்டிலேட்டர் வச்சு காப்பாத்த எல்லா முயற்சியும் பண்ணி அது கைகூடாம போயிருக்கணும். இங்கிலாந்துல கணக்குப்படி இறக்கறவங்கள்ல நூத்துல ஒருத்தர்தான் தானம் பண்ண முடியற சூழ்நிலையில இறக்கறாங்க. முயற்சி எடுக்காம விட்டா தானமே நடக்க வழியில்லங்கறது தெளிவா சொல்ல வேண்டிய விஷயம், ஆனா நிறைய பிரச்சாரத்துல இத யாரும் வாயத் தொறந்து சொல்றதே இல்ல, சிரிச்ச முகமா நாலு போட்டோ போட்டுட்டு போயிடறாங்க.

மூளைச்சாவுங்கற வார்த்தையையே எடுத்துக்கோங்க. காதுல விழும்போது என்ன தோணுது? மூளை மட்டும் செத்துப்போச்சு, ஆளு இருக்காருன்னுதானே. மருத்துவத்துல அதுக்கு அர்த்தம், மூளைத்தண்டு உட்பட மொத்த மூளையும் திரும்பி வராத அளவுக்கு நின்னுபோச்சு, அந்த மனுஷர் இறந்துட்டாருங்கறதுதான். கோமா வேற, அதுல மூளை ஓரளவு வேலை செய்யும், திரும்பி வரவும் வாய்ப்பு இருக்கு. ஆனா படுக்கை பக்கத்துல நிக்கற பொண்டாட்டிக்கோ அண்ணனுக்கோ கண்ணுல தெரியறது என்ன? வென்டிலேட்டர் காத்த உள்ள தள்ளுது, நெஞ்சு ஏறி இறங்குது, மானிட்டர்ல கோடு ஓடுது, கையத் தொட்டா சூடா இருக்கு. இந்த நேரத்துல ஒருத்தர் வந்து "உயிர்காக்கும் கருவியில வச்சிருக்கோம்"னு சொன்னா எப்படி இருக்கும், செத்துட்டாருன்னும் சொல்றீங்க, உயிரக் காக்குற கருவின்னும் சொல்றீங்க, எதத்தான் நம்பறது? செய்தியில கூட "மூளைச்சாவு அடைந்து உயிருக்குப் போராடி வந்தவர்"னு எழுதறாங்க. அதனாலதான் இந்தத் துறையில இருக்கறவங்க வென்டிலேட்டர்னு மட்டும் சொல்லுங்க, இறந்துட்டாருன்னு நேரா சொல்லுங்க, உறுப்பு "அறுவடை"ங்கற வார்த்தைய தூக்கிப் போடுங்கன்னு சொல்றாங்க. அறுவடைங்கறது வயலுக்கு சரி, பெத்த மகன பறிகொடுத்த அம்மா முன்னாடி சொல்ற வார்த்தையா அது?

சரி, குடும்பத்துக்கிட்ட எப்படித்தான் கேக்கறது? ஒரு உதாரணத்துக்கு யோசிச்சுப் பாருங்க. பைக் விபத்துல அடிபட்ட ஒருத்தரோட தம்பி வெளிய உக்காந்திருக்காரு. டாக்டர் வந்து "உங்க அண்ணன் இறந்துட்டாரு, உறுப்பு தானம் பண்ற ஐடியா இருந்தா கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்றாரு. தம்பி காதுல முதல் பாதியே இன்னும் இறங்கல, ரெண்டாவது பாதி கேட்டதும் அவருக்குத் தோணறது ஒண்ணுதான், இதுக்குத்தான் இறந்துட்டாருன்னு சொல்றாங்களா. இதுல இருந்து வந்த பழக்கம்தான் ரெண்டையும் பிரிச்சுப் பேசறது. முதல்ல இறப்ப சொல்லணும், அது மனசுல இறங்க நேரம் கொடுக்கணும், அப்புறமா இதுக்குன்னே பயிற்சி எடுத்த ஒருங்கிணைப்பாளர் வந்து பக்கத்துல உக்காரணும். அவங்க எடுத்த எடுப்புல தானத்தப் பத்தி பேச மாட்டாங்க, "உங்க அண்ணன் எப்படிப்பட்டவருங்க?"ன்னு கேப்பாங்க. தம்பி அழுதுட்டே சொல்வாரு, யாருக்கு என்னன்னாலும் முதல் ஆளா ஓடுவாரு மேடம்னு. கொஞ்ச நேரம் கழிச்சு, "உறுப்பு தானத்தப் பத்தி அவரு எப்பவாவது உங்ககிட்ட பேசியிருக்காரா? இந்த நேரத்துல அவருகிட்டயே கேக்க முடிஞ்சா என்ன சொல்லியிருப்பாருன்னு நெனைக்கறீங்க?" இப்போ கேள்வி மாறிடுச்சு பாருங்க. நான் எங்க அண்ணன அறுக்க சம்மதிக்கணுமாங்கற பாரம் தம்பி தலையில இருந்து இறங்கி, அண்ணனோட விருப்பம் என்னங்கறதா ஆயிடுச்சு. குடும்பங்கள்கிட்ட பண்ண ஆராய்ச்சிகளும், பயிற்சி எடுத்தவங்க கூட அதிக நேரம் பேசினவங்க, இறந்தவரோட விருப்பம் தெரிஞ்சவங்கதான் அதிகமா சம்மதிக்கறாங்கன்னு காட்டுது. இங்கிலாந்துல இறந்தவரு ஏற்கனவே பேரு பதிஞ்சிருந்தா பத்துல ஒன்பது குடும்பம் சரின்னு சொல்லுது.

இங்கதான் சட்டத்த மாத்தினா போதுமேன்னு ஒரு பேச்சு வரும். 2003ல எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சயின்ஸ் பத்திரிகையில ஒரு சின்ன கட்டுரை எழுதினாங்க. வேணும்னா டிக் பண்ணுங்கன்னு கேட்டா 42 சதவீதம் பேரு டோனர், எல்லாரும் டோனர்தான் வேணாம்னா மாத்திக்கோங்கன்னு கேட்டா 82 சதவீதம், எந்தப் பக்கமும் சாயாம நீங்களே ஒண்ண தேர்ந்தெடுங்கன்னு கேட்டா 79 சதவீதம். அதே கேள்வி, அதே மாதிரி ஆளுங்க, படிவம் எப்படி இருக்குங்கறது மட்டும்தான் வித்தியாசம். இதப் பாத்து நிறைய நாடுகள் எல்லாரும் சம்மதம்னு எடுத்துக்கற சட்டத்துக்குப் போச்சு, வேல்ஸ் 2015ல, இங்கிலாந்து 2020ல. ஆனா இந்தக் கதைய பாதியில நிறுத்திடக் கூடாது. உலகத்துல இறந்தவங்க தானத்துல முதல் இடத்துலயே பல வருஷமா இருக்கற ஸ்பெயின்ல அப்படி ஒரு சட்டம் 1979லயே வந்துடுச்சு, பத்து வருஷம் கழிச்சும் 10 லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 14 டோனர்தான். 1989ல ரஃபேல் மத்தேசான்ஸ் தலைமையில தேசிய உறுப்பு மாற்று அமைப்பு ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரிகள்ல ஒருங்கிணைப்பாளர்கள போட்டு, கெட்ட செய்திய எப்படி சொல்றது, குடும்பத்துக்கிட்ட எப்படி கேக்கறதுன்னு பயிற்சி கொடுத்து, பத்திரிகைக்காரங்களும் பொதுஜனமும் எந்த நேரமும் கூப்பிட்டு கேக்கற மாதிரி போன் வசதி வச்ச பிறகுதான் அது படிப்படியா ஏறி 40ஐ தாண்டிச்சு. சட்டம் என்ன சொன்னாலும் அங்க குடும்பத்துக்கிட்ட கேக்காம எடுக்கறது இல்ல. எங்க வெற்றிக்கு சட்டம் காரணம் இல்லன்னு மத்தேசான்ஸே அடிச்சு சொல்லியிருக்காரு.

அடுத்தது, எந்த மெசேஜ் வேலை செய்யும்? இதுல நம்ம யூகத்த நம்பவே கூடாதுங்கறதுக்கு இங்கிலாந்துல 2013ல வெளியான ஒரு பரிசோதனை நல்ல சாட்சி. வண்டி வரி கட்டவும் லைசென்ஸ் புதுப்பிக்கவும் அரசாங்க வெப்சைட்டுக்கு வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு, வேலை முடிஞ்சதும் எட்டு விதமான பக்கத்துல ஏதோ ஒண்ண காட்டினாங்க. ஒரு பக்கத்துல, தினமும் ஆயிரக்கணக்கானவங்க இந்தப் பக்கத்த பாத்து டோனரா பதியறாங்கன்னு எழுதியிருந்துச்சு. இன்னொண்ணுல அதே வரி, கூடவே நல்லா சிரிச்சுட்டு நிக்கற ஒரு கூட்டத்தோட போட்டோ. போட்டோ போட்டா இன்னும் நல்லா இருக்கும்னுதானே தோணும்? போட்டோ போட்ட பக்கம், ஒண்ணுமே எழுதாம சும்மா பதிவு பண்ணுங்கன்னு மட்டும் சொன்ன பக்கத்த விட மோசமா போச்சு. ஜெயிச்சது எது தெரியுமா, "உங்களுக்கு ஒரு உறுப்பு தேவைப்பட்டா வாங்கிப்பீங்களா? அப்படின்னா மத்தவங்களுக்கும் உதவுங்க"ங்கற வரி. அந்த வரிய மட்டும் வருஷம் பூரா வச்சா கூடுதலா 96,000 பேரு பதிவாங்கன்னு கணக்கு போட்டாங்க.

பயமுறுத்தறதும் குத்தம் சொல்றதும் எடுபடாது. 1966ல ஜாக் ப்ரெஹ்ம்ங்கற உளவியலாளர் சொன்ன ஒரு கருத்து இன்னைக்கும் இந்தத் துறையில ஓடிட்டு இருக்கு, ஒருத்தரோட முடிவெடுக்கற சுதந்திரத்துல கை வச்சா அவரு அத காப்பாத்திக்கறதுக்காகவே எதிர்ப்பக்கம் போவாரு. நீ செஞ்சே ஆகணும்னு சொன்னா செய்ய இருந்தவரும் செய்யாம விட்டுடுவாரு, வீட்டுல பசங்கள வளத்தவங்களுக்கு இது புதுசில்ல. இன்னொரு உதாரணம், பதியாம விட்டா பின்னாடி வருத்தப்படுவீங்களான்னு கேள்வித்தாள்ல கேட்டு முன்கூட்டியே யோசிக்க வச்சா ஜனங்க பதிவாங்கன்னு சின்ன ஆய்வுகள்ல நம்பிக்கை வந்துச்சு. ஸ்காட்லாந்துல 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க கிட்ட பெருசா பண்ணிப் பாத்து 2016ல முடிவு வந்தப்போ, கேள்வித்தாளே அனுப்பாத கூட்டம்தான் அதிகமா பதிஞ்சிருந்துச்சு. நல்ல எண்ணத்தோட அனுப்பின கேள்வியே தடையா போயிருக்கு. அளந்து பாக்காம எதையும் ஊருக்கெல்லாம் அனுப்பாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

மனசு வந்த அந்த நிமிஷமே பதியற வழி கையில இருக்கணும், அதுவும் முக்கியம். 2012 மே 1ஆம் தேதி ஃபேஸ்புக் தன்னோட பக்கத்துல நான் டோனர்னு போட்டுக்கற வசதியும் பதிவு பண்ற லிங்க்கும் கொடுத்துச்சு, அமெரிக்காவுல சராசரியா ஒரு நாளைக்கு 616 பேரு ஆன்லைன்ல பதிஞ்சுட்டு இருந்த இடத்துல அன்னைக்கு ஒரே நாள்ல 13,054 பேரு பதிஞ்சாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள வேகம் இறங்கிடுச்சு, அதையும் சொல்லணும், ஆனா அத்தன பேருக்கும் மனசு முன்னாடியே இருந்திருக்குன்னுதானே அர்த்தம்.

இப்போ ட்ரையல் பக்கம் வருவோம். தமிழ்ல மருந்து சோதனைன்னு சொல்றோம். சோதனைன்னா டெஸ்ட்டும்தான், கஷ்டமும்தான், "கடவுள் இப்படி சோதிக்கறாரே"ன்னு அழறப்போ வர்ற அதே வார்த்தை. கூடவே சோதனை எலிங்கற வார்த்தையும் ஒட்டிக்கிட்டு வந்துடும். அதுக்கு மேல, யாருக்கு எந்த சிகிச்சைன்னு குலுக்கல் முறையில முடிவாகும்னு சொன்னா, என் உயிர வச்சு சீட்டு குலுக்கறீங்களான்னு கேக்கறது நியாயந்தானே. குலுக்கறதுக்கு காரணம் என்னன்னா, எது நல்லதுன்னு டாக்டருக்கே நெஜமா தெரியல, டாக்டரே பிரிச்சா தெம்பா இருக்கறவங்கள ஒரு பக்கமும் முடியாதவங்கள இன்னொரு பக்கமும் போட்டுடுவாரு, அப்புறம் முடிவுல மருந்து ஜெயிச்சுதா ஆளோட தெம்பு ஜெயிச்சுதான்னு யாராலயும் சொல்ல முடியாது. "எங்களுக்கே தெரியல"ன்னு வெள்ளந்தியா சொல்ற இந்த ஒரு வரிதான் டாக்டருங்க வாயில இருந்து வர ரொம்ப கஷ்டப்படுது.

இதுக்கு பிரிட்டன்ல நடந்த புரோடெக்ட்ங்கற ட்ரையல விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ப்ராஸ்டேட் கேன்சர் ஆரம்ப நிலையில இருக்கற 50ல இருந்து 69 வயசு ஆம்பளைங்களுக்கு ஆபரேஷனா, கதிர்வீச்சா, இல்ல உடனே கை வைக்காம கவனிச்சுட்டு வர்றதான்னு ஒப்பிடற ஆராய்ச்சி அது. ஆரம்பத்துல குலுக்கலுக்கு ஒத்துக்கிட்டவங்க கம்மி. ஜென்னி டோனவனும் கூட இருந்தவங்களும் டாக்டரும் நோயாளியும் பேசறத அனுமதியோட ரெக்கார்ட் பண்ணி திரும்பத் திரும்ப கேட்டாங்க. கேட்டா, ஆபரேஷனையும் கதிர்வீச்சையும் முதல்ல விளக்கமா சொல்றாங்க, மூணாவது வழிய கடைசியில ரெண்டு வரியில முடிச்சுடறாங்க. அதோட பேரும் "காத்திருந்து கவனிக்கறது"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இருந்துச்சு, கேக்கறவங்க அத நான் சாகறத வேடிக்கை பாக்கறதுன்னு எடுத்துக்கிட்டாங்க. அதனால மூணு வழியையும் சமமா, வரிசைய மாத்தி சொல்ல ஆரம்பிச்சாங்க, பேர தீவிர கண்காணிப்புன்னு மாத்தினாங்க, பத்து வருஷத்துல எத்தன பேரு சாவாங்கன்னு சொல்லாம பெரும்பாலானவங்க பத்து வருஷம் கழிச்சும் உயிரோட இருப்பாங்கன்னு சொன்னாங்க, ட்ரையல்ங்கற வார்த்தைக்கு பதிலா ஆய்வுன்னாங்க. நோயும் சிகிச்சையும் அப்படியேதான் இருந்துச்சு, குலுக்கலுக்கு சம்மதம் சொன்னவங்க 40 சதவீதத்துல இருந்து 70 சதவீதத்துக்கு போனாங்க.

ட்ரையல்னாலே பயப்படறவங்கள அறியாமைன்னு ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவுல டஸ்கீகீங்கற இடத்துல 1932ல இருந்து 1972 வரைக்கும் சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆம்பளைங்கள, ஒப்பிட்டுப் பாக்க இன்னும் 201 பேரோட சேத்து, அரசாங்க சுகாதாரத் துறையே வெறுமனே கவனிச்சுட்டு இருந்துச்சு. என்ன நோய்னு உண்மைய சொல்லல, அத குணப்படுத்தற பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கல. இந்த அக்கிரமம் வெளிய வந்த பிறகுதான் 1979ல, மனுஷங்கள வச்சு பண்ற ஆராய்ச்சி எப்படி நடக்கணும்னு நெறிமுறை சொல்ற பெல்மாண்ட் அறிக்கை வந்துச்சு. இப்போ எல்லா ட்ரையலுக்கும் நெறிமுறைக் குழு, எழுத்து மூலமா சம்மதம், எப்ப வேணும்னாலும் விலகற உரிமைன்னு இருக்குன்னா அந்த மனுஷங்க பட்ட கஷ்டமும் அதுக்குப் பின்னாடி இருக்கு. அதனால யாராவது சந்தேகப்பட்டா முதல்ல அந்த சந்தேகத்துக்கு மரியாதை கொடுத்து பதில் சொல்லணும்.

ஆனா சந்தேகத்த மட்டும் காரணமா சொல்லி தப்பிக்கவும் கூடாது. 2006ல டேவிட் வெண்ட்லர் குழு 20 ஆய்வுகள், 70,000க்கும் மேற்பட்டவங்களோட தகவல பாத்தப்போ, சிறுபான்மை இனத்தவங்க கிட்ட கேட்டா மத்தவங்க அளவுக்கே கிட்டத்தட்ட சம்மதிக்கறாங்கன்னு தெரிஞ்சுது. 2021ல வந்த இன்னொரு அலசல்ல, கேன்சர் நோயாளிங்ககிட்ட ட்ரையல்ல சேர்றீங்களான்னு கேட்டா பாதிக்கு மேல, 55 சதவீதம் பேரு சரின்னு சொன்னாங்க. பலருக்கு அந்தக் கேள்வியே வரல, அவங்க போற ஆஸ்பத்திரியில ட்ரையல் இல்ல, இருந்தாலும் இவருக்கு புரியாது, இவரு வரமாட்டாருன்னு யாரோ அவருக்காக முடிவு பண்ணிடறாங்க. எனக்கு இந்தத் துறையிலயே ரொம்ப வலிக்கற விஷயம் இதுதான், இல்லன்னு சொல்ற வாய்ப்பு கூட அந்த மனுஷருக்கு கிடைக்கல.

அதுக்காக எப்படியாவது சரின்னு சொல்ல வைக்கறதும் இந்த ஆராய்ச்சியோட நோக்கம் இல்ல. 1982ல பால் அப்பல்பாம் குழு ஒரு விஷயத்த எடுத்து சொன்னாங்க, ட்ரையல்ல சேர்ந்த நிறைய பேரு அங்க நடக்கறது எல்லாமே தனக்கு எது நல்லதுன்னு பாத்து பண்றதுன்னு நெனச்சுக்கறாங்க, ஆராய்ச்சியோட நோக்கம் எல்லாருக்கும் பயன்படற பதில கண்டுபிடிக்கறதுங்கறது மனசுல ஏறவே இல்ல. அப்படி தப்பா புரிஞ்சு போட்ட கையெழுத்து சம்மதமா? இருபது பக்க படிவத்த நீட்டி "படிச்சுட்டு சைன் பண்ணுங்க"ன்னு சொல்றத விட, "இப்ப நான் சொன்னத உங்க வீட்டுல போயி எப்படி சொல்வீங்க, எனக்கு சொல்லிக் காட்டுங்க பாப்போம்"னு கேட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும் எது புரிஞ்சுது எது புரியலன்னு. கூடவே, வேணாம்னு சொன்னாலும் உங்களுக்கு கொடுக்கற சிகிச்சையில எந்தக் குறையும் இருக்காதுன்னு முகத்தப் பாத்து சொல்லணும்.

கேக்கறது மட்டும் இல்ல, கேட்டு முடிஞ்ச பிறகு என்ன சொல்றோம்ங்கறதும் இருக்கு, அதுலதான் நிறைய இடத்துல கோட்டை விடறாங்க. புரோடெக்ட்ல குலுக்கலுக்கு ஒத்துக்கிட்டவங்க மொத்தம் 1,643 பேரு. 2023ல வந்த 15 வருஷக் கணக்குப்படி மூணு வழியில எதுல இருந்தாலும் அந்த நோயால இறந்தவங்க சுமார் 3 சதவீதம்தான். இன்னைக்கு அதே நோயோட வர்ற ஒருத்தரு அவசரப்பட்டு ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்ல, நின்னு நிதானமா யோசிக்கலாம்னு டாக்டர் சொல்ல முடியுதுன்னா அந்த 1,643 பேருதான் காரணம். ஆனா எத்தனையோ ட்ரையல்ல கலந்துக்கிட்டவங்களுக்கு கடைசியில என்ன ஆச்சுன்னு ஒரு தாள் கூட போறதில்ல. உறுப்பு தானத்துல பல நாடுகள்ல ஒரு நல்ல வழக்கம் இருக்கு, உறுப்பு வாங்கினவரு பேரு ஊரு எதுவும் போடாம ஒரு கடிதம் எழுதி ஒருங்கிணைப்பாளர்கிட்ட கொடுப்பாரு, அவங்க அத டோனர் குடும்பத்துக்கு அனுப்புவாங்க, அந்தக் குடும்பத்துக்கு படிக்கணும்னு தோணறப்போ பிரிச்சு படிச்சுக்கலாம். சில வீட்டுல அது வருஷக்கணக்கா பிரிக்காமலே பீரோவுல இருக்கும்.